பக்கவாதத்துக்கு ரத்தப் பரிசோதனை: நுண்பையா, புரதமா, ஸ்கேனே போதுமா?

பக்கவாதத்தை ரத்தத்தில் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியில் இறங்க நினைக்கும் எம்.டி. மாணவர்கள், பயோடெக் மாணவர்கள், மருத்துவமனையில் சின்னதாக ஒரு லேப் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் முதலில் வரும் குழப்பம் ஒன்றுதான். இப்போது எல்லாரும் பேசுகிற செல்வெளி நுண்பைகளை (செல்கள் வெளியே விடும், சவ்வால் மூடிய சின்னப் பைகள்), லேபில் ஈவி என்று சுருக்கிச் சொல்கிறோமே அதை, எடுத்துக்கொள்வதா? இல்லை ஜிஎஃப்ஏபி போல ரத்தத்தில் தனியாக மிதக்கும் ஒரு புரதத்தை அளந்து வேலையை முடிப்பதா? அல்லது சிடி ஸ்கேன் இருக்கும்போது ரத்தப் பரிசோதனையே எதற்கு என்று விட்டுவிடுவதா? எனக்கு ஈவி மேல் ஆர்வம் அதிகம். இருந்தும் "ஈவிதான்" என்று ஒரே வரியில் பதில் சொல்ல மாட்டேன். அறிகுறி தொடங்கி எத்தனை மணி நேரத்துக்குள் விடை வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதல் சில மணி நேரத்தில்

பெரிய ரத்தக்குழாய் அடைபட்டு, சிகிச்சை கிடைக்காமல் போகும் பக்கவாதத்தில் நிமிடத்துக்கு 19 லட்சம் நியூரான்கள் அழிகின்றன என்று 2006இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். குழாயை அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் ஊசிக்கு 1995இல் வந்த அமெரிக்க ஆய்வு 3 மணி நேரம் கொடுத்தது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. குழாய் வழியாகப் போய்க் கட்டியையே உருவி எடுக்கும் சிகிச்சை 2015க்குப் பிறகு நிலைபெற்று, 2018இல் சில நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரை போனது. இந்த நேரத்துக்குள் டாக்டருக்குத் தெரிய வேண்டியது ரத்தக்குழாய் அடைப்பா, மூளைக்குள் ரத்தக் கசிவா என்பதுதான், ஏனென்றால் அடைப்புக்குப் போடும் ஊசியைக் கசிவுக்குப் போட்டால் ஆளே போய்விடலாம்.

இந்தக் கேள்விக்கு இன்றைக்கு ஸ்கேனை மிஞ்ச எதுவும் இல்லை. சிடி கசிவை உடனே காட்டிவிடும். அடைப்பை முதல் சில மணி நேரத்தில் பெரும்பாலும் காட்டாது, படம் சாதாரணமாகவே இருக்கும், கசிவு இல்லை என்ற உறுதியையும் நோயாளியைப் பரிசோதித்ததையும் வைத்துத்தான் ஊசி போடுகிறார்கள். எம்ஆர்ஐயில் டிஃப்யூஷன் படம் எடுத்தால் அடைப்பு சில நிமிடங்களிலேயே தெரியத் தொடங்கும், ஆனால் அதுவும் நூற்றில் ஏழு பேர் அளவுக்குத் தவறவிடுகிறது, குறிப்பாகப் பின்மூளைப் பக்கம் வரும் அடைப்புகளை. ஊசி போடும் முன் கட்டாயம் பார்த்தே ஆக வேண்டிய ரத்தப் பரிசோதனை இப்போதைக்கு ஒன்றே ஒன்று, அது சர்க்கரை. சர்க்கரை தாழ்ந்தாலும் ஒரு பக்கம் கை கால் விழும், பேச்சு குழறும். விரல் நுனியில் ஒரு குத்து, சில நொடிகளில் விடை. புதிதாக வரும் எந்தப் பரிசோதனையும் இந்த வேகத்துக்குப் பக்கத்திலாவது வர வேண்டும்.

அப்படியானால் ரத்தப் பரிசோதனைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, ஸ்கேனுக்கு முன்னால், ஆம்புலன்ஸில். 2024இல் வெளியான இன்டராக்ட்4 என்ற சீன ஆய்வு இதை அழுத்தமாகக் காட்டியது. பக்கவாதம் என்று சந்தேகப்பட்ட 2,404 பேரில் ஒரு பாதிப் பேருக்கு ஆம்புலன்ஸிலேயே ரத்த அழுத்தத்தைக் குறைத்தார்கள், மறுபாதிப் பேருக்கு ஆஸ்பத்திரி வரும்வரை பொறுத்தார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பலன் பூஜ்யம். பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: கசிவு நோயாளிகளுக்கு அது நல்லது செய்திருக்கிறது, அடைப்பு நோயாளிகளுக்குக் கெடுதல் செய்திருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிட்டன. வண்டியில் வைத்தே யாருக்கு எது என்று தெரிந்திருந்தால் அந்தச் சிகிச்சைக்கு ஒரு வழி பிறந்திருக்கும்.

ஆம்புலன்ஸுக்குள்ளேயே சிடி மெஷினை ஏற்றிவிடுவதும் ஒரு தீர்வுதான். ஜெர்மனியின் ஹோம்பர்க்கில் 2008இல் முதல் வண்டி ஓடியது, நம் நாட்டில் அசாமில் ஐசிஎம்ஆர் இப்படி வண்டி ஓட்டியிருக்கிறது. அருமையான திட்டம், ஆனால் விலையும் ஆட்பலமும் யோசிக்க வைக்கும், எல்லா ஊருக்கும் ஒன்று என்பது இப்போதைக்கு நடக்காது. ஒரு சொட்டு ரத்தத்தில் பதில் சொல்லும் கையடக்கக் கருவிக்கு இடம் இருப்பது அதனால்தான்.

அந்த இடத்தில் இன்று முன்னணியில் நிற்பது ஜிஎஃப்ஏபி. மூளையில் நியூரான்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களின் உள்சட்டகப் புரதம் இது. கசிவு வந்தால் பீறிட்டு வரும் ரத்தம் அந்தச் செல்களை அந்த நிமிடமே கிழித்துப்போடுகிறது, புரதம் உடனே ரத்தத்துக்கு வந்துவிடுகிறது. அடைப்பில் செல்கள் பட்டினியில் மெதுவாகத்தான் சாகின்றன, புரதம் வெளியே வரப் பல மணி நேரம் ஆகிறது. ஆக முதல் சில மணி நேரத்தில் ஜிஎஃப்ஏபி கூடியிருந்தால் பெரும்பாலும் கசிவு. உயிரியல் இவ்வளவு நேராக அமைவது அபூர்வம், எனக்கு இந்தப் புரதத்தின் மேல் மரியாதை வந்ததே இதனால்தான். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 205 பேரிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில், கசிவைக் கண்டுபிடிக்கும் திறன் 84 சதவீதம், கசிவு இல்லாதவரைச் சரியாக விலக்கும் திறன் 96 சதவீதம். அப்புறம் கருவியும் வந்துவிட்டது. தலைக்காயத்துக்கென்று அபாட் நிறுவனத்தின் கையடக்கக் கருவிக்கு 2021இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது, அது ஜிஎஃப்ஏபியைச் சுமார் 15 நிமிடத்தில் சொல்லிவிடும். அதே வகைக் கருவியைப் பக்கவாத நோயாளிகளிடம் ஜெர்மனியில் லுட்விக்ஸ்பர்க் பகுதியில் சோதித்தார்கள், கசிவு நோயாளிகளின் அளவு அடைப்பு நோயாளிகளைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது.

ஆனால் அந்த 84ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நூறு கசிவு நோயாளிகளில் பதினாறு பேர் தப்பிவிடுகிறார்கள், பெரும்பாலும் சின்னக் கசிவுகள். "ஜிஎஃப்ஏபி குறைவு, ஆகவே கசிவு இல்லை, ஊசியைப் போடு" என்று யாரும் சொல்ல முடியாது. அது கூடியிருந்தால் மட்டுமே நம்பிச் செயல்படலாம்: நரம்பு அறுவை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குத் திருப்பலாம், ரத்த அழுத்தத்தைக் குறைக்க ஆரம்பிக்கலாம். வயது கூடக்கூட இதன் அடிப்படை அளவு கூடும், மூளையில் ஆஸ்ட்ரோசைட் சார்ந்த கட்டி இருந்தாலும் கூடும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இன்னொரு பழைய பாடமும் உண்டு. எஸ்100பி, பிஎன்பி, எம்எம்பி-9, டி-டைமர் என ரத்தத்தில் அளக்கும் நான்கு பொருட்களைச் சேர்த்து ஒரு மதிப்பெண்ணாக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். பக்கவாதம் என்று சொல்லும் மதிப்பெண் எல்லையைத் தாழ்த்தி வைத்தால் பக்கவாதத்தில் 86 சதவீதம் பிடிபட்டது, ஆனால் பக்கவாதம் இல்லாதவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல்தான் சரியாக விலக்கப்பட்டார்கள். எல்லையை உயர்த்தினால் நிலைமை அப்படியே தலைகீழ். இவை நெஞ்சில் பிரச்சினை, கிருமித்தொற்று, கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி என எதற்கும் கூடும் பொருட்கள், மூளைக்கு மட்டும் உரியவை இல்லை. பல அடையாளங்களைச் சேர்த்துவிட்டால் தானாகத் துல்லியம் வந்துவிடும் என்று நம்பி நாற்பது மைக்ரோஆர்என்ஏக்களை (மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்என்ஏக்கள்) ஒரே பட்டியலில் போடுகிறவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன்.

சரி, இதே இடத்தில் ஈவியை வைத்துப் பார்ப்போம். ரத்தம் எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் 2,500 ஜியில் (புவியீர்ப்பைப் போல 2,500 மடங்கு விசை) 15 நிமிடம் சுற்றி, மேலே இருக்கும் திரவமான பிளாஸ்மாவை எடுத்து மறுபடியும் 15 நிமிடம் சுற்ற வேண்டும். எடுத்து வைக்கிற நேரத்தையும் சேர்த்தால் முக்கால் மணி நேரம் போச்சு. நுண்பைகளைப் பிரிக்கக் குறைந்தது அரை மணி நேரம். உள்ளே இருக்கும் ஆர்என்ஏவை எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல், அதை டிஎன்ஏவாக மாற்றிப் பிசிஆரில் ஓட்ட இன்னும் இரண்டு மூன்று மணி நேரம். எல்லாம் தடங்கலில்லாமல் நடந்தால்கூட ஐந்து மணி நேரம் ஆகிவிடும். ஊசிக்கான நாலரை மணி நேரம் அதற்குள் முடிந்துவிட்டிருக்கும், நோயாளி வீட்டிலிருந்து வந்த நேரத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. அடைப்பா கசிவா என்ற கேள்விக்காக ஈவியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு சிப்பில் சில நிமிடங்களில் நுண்பையைப் பிடித்து அளக்கும் கருவிகளை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள், அது கைக்கு வரும் நாளில் இதை மறுபடி யோசிக்கலாம்.

ஈவி எங்கே ஜெயிக்கிறது

ஏறக்குறைய எல்லா செல்களும் சவ்வால் மூடிய நுண்பைகளை வெளியே விடுகின்றன. செல்லுக்குள்ளே உருவாகி வெளியே வரும் எக்ஸோசோம் 30 முதல் 150 நானோமீட்டர். செல்லின் மேற்சவ்விலிருந்து மொட்டுவிட்டுப் பிரியும் வகை 100 முதல் 1,000 நானோமீட்டர் வரை. 1967இல் பீட்டர் உல்ஃப் என்ற ஆய்வாளர் இவற்றைத் தட்டணுக்களிலிருந்து வந்த தூசு என்றுதான் எழுதினார். 2007இல் ஸ்வீடனின் யோத்தெபோரியில் ஒரு குழு, எக்ஸோசோமுக்குள் ஆர்என்ஏ இருக்கிறது, அது இன்னொரு செல்லுக்குப் போய் வேலை செய்கிறது என்று காட்டிய பிறகுதான் கூட்டம் கூடியது.

பக்கவாதத்தில் இவற்றின் கவர்ச்சி புரிந்துகொள்ளக்கூடியதே. தாய்ச் செல்லின் அடையாளப் புரதங்கள் நுண்பையின் மேலேயே இருக்கும் (இங்கே சிடி என்பது ஸ்கேன் அல்ல, செல்மேல் புரதங்களுக்கு வைத்த பெயர்): சிடி41 இருந்தால் தட்டணு, சிடி144 இருந்தால் ரத்தக்குழாயின் உள்சுவர், சிடி235ஏ இருந்தால் சிவப்பணு. உள்ளே இருக்கும் ஆர்என்ஏ ரத்தத்தின் நொதிகளிடமிருந்து பாதுகாப்பாக இருக்கும். மூளைச் செல்களின் நுண்பைகளும் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி வருகின்றன. சும்மா மிதக்கும் ஒரு புரதம் "சேதம் நடந்தது" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். நுண்பை எந்தச் செல் எந்த நிலையில் இருந்தபோது வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லக்கூடியது.

இந்தக் கூடுதல் தகவல் உதவுவது முதல் மணி நேரத்தில் அல்ல, அடுத்த நாளில். அடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு எல்லாப் பரிசோதனையும் செய்த பிறகும் காரணம் தெரிவதில்லை. கட்டி இதயத்திலிருந்து வந்ததா, கழுத்துக் குழாயின் கொழுப்புப் படிவிலிருந்து உடைந்து வந்ததா, இல்லை ரத்தமே உறையும் தன்மைக்கு மாறியிருக்கிறதா? மறுபடி வராமல் தடுக்க என்ன மருந்து என்பதே இதைப் பொறுத்தது. தென்கொரியாவின் ஒயாசிஸ்-கேன்சர் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள், 2016இல் வெளியானது. புற்றுநோயாளிகளுக்கு வரும் பக்கவாதத்தில் புற்றுச்செல்களிலிருந்து வந்த நுண்பைகள் ரத்தம் உறையும் கோளாறோடு சேர்ந்தே கூடியிருந்ததை அந்தக் குழு காட்டியது. எந்த ஸ்கேனும் தராத தகவல் இது, ஜிஎஃப்ஏபியும் தராது. இதைக் கேட்க ஐந்து மணி நேரம் என்ன, ஐந்து நாள் ஆனாலும் பரவாயில்லை.

நோய் கண்டறிதலுக்கென்று வந்த ஈவி ஆய்வுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2016இல் சீனாவிலிருந்து வந்தது: அடைப்பு வந்த 65 பேரின் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) இருந்த எக்ஸோசோமில் மிர்-9, மிர்-124 என்ற மைக்ரோஆர்என்ஏக்கள் இரண்டும் கூடியிருந்தன. இரண்டும் மூளையில் நிறைய இருப்பவை, நல்ல தேர்வு. ஆனால் ஒப்பிட்டது பக்கவாதம் இல்லாத தன்னார்வலர்களோடு. அவசரப் பிரிவில் டாக்டர் திணறுவது நலமாக இருப்பவரையும் நோயாளியையும் பிரிக்க அல்ல. வலிப்பு வந்து கை விழுந்தவர், மைக்ரேனில் பேச்சு குழறியவர், சர்க்கரை தாழ்ந்தவர், இவர்களிடமிருந்து பக்கவாதத்தைப் பிரிக்கத்தான். இந்த நபர்களைச் சேர்க்காத ஆய்வு எவ்வளவு நல்ல எண்ணைக் காட்டினாலும் நான் அதை வைத்து முடிவெடுக்க மாட்டேன்.

மிர்-223 கதை இன்னும் சிக்கல். பக்கவாதத்தில் எக்ஸோசோமுக்குள் அது கூடுகிறது என்று ஆய்வுகள் உண்டு. அது தட்டணுக்களிலும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களிலும் குவிந்து கிடக்கும் பொருள். ரத்தத்தில் இருக்கும் நுண்பைகளில் பெரும்பங்கு ரத்த செல்களிலிருந்து வருபவை. மூளையிலிருந்து வருபவற்றைத் தேடுவது தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரு குடும்பத்துக்காரர்களை மட்டும் தேடிப் பிடிக்கிற மாதிரி.

எந்த முறையில் பிரிப்பது

ஈவிதான் என்று முடிவானால், அடுத்த முடிவு இது, பணமும் வருடமும் அதிகம் வீணாவது இங்கேதான்.

கடையில் கிடைக்கும் வீழ்படிவு கிட் எல்லாவற்றிலும் சுலபம். பாலிமர் கரைசலை ஊற்றி, குளிரில் வைத்து, சாதாரண சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் அடியில் வெள்ளையாக ஒன்று படியும். அதில் நுண்பை இருக்கும், கூடவே ஆல்புமினும் கொழுப்புப் புரதங்களும் தாராளமாக இருக்கும். 2011இல் வந்த ஒரு ஆய்வு, பிளாஸ்மாவில் இருக்கும் மைக்ரோஆர்என்ஏக்களில் பெரும்பங்கு நுண்பைக்குள் இல்லை, ஆர்கோநாட்2 என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வெளியே சுற்றுகிறது என்று காட்டியது. அவற்றையும் கிட் கீழே இழுத்துவிடலாம். அப்படி இழுத்ததை "எக்ஸோசோம் மைக்ரோஆர்என்ஏ" என்று எழுதுவது சரியில்லை. எந்த முறையானாலும், நீங்கள் அளக்கும் பொருளைப் பிரிக்காத முழுப் பிளாஸ்மாவிலும் அளந்து பாருங்கள். இரண்டிலும் பிரித்தறியும் திறன் ஒன்றாக இருந்தால் நுண்பையைப் பிரிக்கும் சிரமம் எதற்கு, நேராகப் பிளாஸ்மாவிலேயே அளந்துவிடலாமே. இந்த ஒரு ஒப்பீட்டைச் செய்யாத கட்டுரைகள்தான் அதிகம்.

அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் பழைய முறை, 1,00,000 ஜியில் ஒரு மணி நேரத்துக்கு மேல், கழுவி மறுபடி ஒரு முறை. ஆளுக்கு ஆள், ரோட்டருக்கு ரோட்டர் விளைவு மாறும், நிறைய நுண்பை வழியிலேயே தொலையும், எச்டிஎல் என்ற கொழுப்புப் புரதமும் கூடவே படியும். நூறு நோயாளிகளின் மாதிரியை இதில் ஓட்ட வேண்டும் என்றால் நான் வேண்டாம் என்பேன்.

அளவைப் பொறுத்துப் பிரிக்கும் குரோமடோகிராஃபி தூண், அதாவது எஸ்ஈசி, சின்ன லேபுக்கு என் தேர்வு. அரை மில்லி பிளாஸ்மாவை ஊற்றினால் கால் மணி நேரம், இருபது நிமிடத்தில் நுண்பைகள் முன்னால் வந்துவிடும், ஆல்புமினும் எச்டிஎல்லும் பின்தங்கிவிடும். கொழுப்பைச் சுமக்கும் பெரிய துகள்களான கைலோமைக்ரானும் விஎல்டிஎல்லும் அளவில் நுண்பைக்குச் சமம் என்பதால் அவை மட்டும் கூடவே வரும், அதனால் சாப்பிட்டுவிட்டு வந்தவரின் பால் போன்ற பிளாஸ்மாவை வைத்துக்கொண்டு துகள் எண்ணிக்கையை நம்பக் கூடாது. துகள் எண்ணும் கருவிக்குக் கொழுப்பும் ஒரு துகள்தான்.

ஆன்டிபாடி வைத்து மூளை நுண்பையை மட்டும் பிடிப்பது கேட்கவே ஆசையாக இருக்கும். பல வருடம் எல்1கேம் என்ற புரதத்தை நம்பித்தான் "நியூரான் எக்ஸோசோம்" ஆய்வுகள் நடந்தன. 2021இல் டேவிட் வால்ட்டின் ஹார்வர்ட் குழு, மனித ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் இருக்கும் எல்1கேம் நுண்பையோடு சேர்ந்து வருவதே இல்லை, தனிப்புரதமாகத்தான் இருக்கிறது என்று காட்டியது. விவாதம் இன்னும் ஓயவில்லை என்றாலும், புதிதாகத் தொடங்குபவர் இதில் காலை விட வேண்டாம்.

பிரிக்காமலே சாயம் ஏற்றிய ஆன்டிபாடியால் நேராக ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (துகள்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு எண்ணும் முறை) எண்ணுவதும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் தட்டணு, உள்சுவர் நுண்பை எத்தனை என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும், பெரிய ஆஸ்பத்திரிகளில் ரத்தப் புற்றுநோய்க்காக இந்த மெஷின் ஏற்கெனவே இருக்கும். சாதாரண மெஷினுக்குச் சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே கண் தெரியாது, ஆகவே எக்ஸோசோம் பற்றி அதில் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் ரத்தக்குழாயின் நிலை பற்றிய கேள்விக்கு அந்தப் பெரிய நுண்பைகளே நிறையச் சொல்லும்.

முறை எதுவானாலும் ரத்தம் எடுக்கும் கை சரியாக இல்லாவிட்டால் எல்லாம் பாழ். அவசரப் பிரிவில் கையில் ரப்பரை இறுக்கிக் கட்டி, மெல்லிய ஊசியில் கஷ்டப்பட்டு இழுத்து, குழாயைக் குலுக்கி ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போவார்கள். அதற்குள் தட்டணுக்கள் உசுப்பப்பட்டு நுண்பைகளை உதிர்க்க ஆரம்பித்துவிடும். முதல் குழாயை வேறு பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, அடுத்து ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெப்பாரின் குழாய் வேண்டாம், பிசிஆரைக் கெடுக்கும். சீரமும் வேண்டாம், ரத்தம் உறையும்போதே தட்டணு நுண்பைகள் கொட்டும். சுற்றியபின் பிளாஸ்மாவைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சாமல் வெள்ளைப் படலத்துக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள், தட்டணு ஒட்டிக்கொண்டு வந்து உறையவைக்கும்போது உடைந்தால் அதுவும் நுண்பைக் கணக்கில் சேரும். பிளாஸ்மா லேசாக இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது. அந்த மாதிரியில் மிர்-16, மிர்-451 இரண்டும் ஏறியிருக்கும், மிர்-16ஐ ஒப்பீட்டு அளவாக வைத்திருந்தால் உங்கள் எல்லா எண்ணும் சரிந்துவிடும்.

ஒரு சின்னக் குழுவுக்கு இரண்டு வருடமும் அளவான பணமும் இருந்தால் நான் இப்படித்தான் செய்வேன். பக்கவாதச் சந்தேகத்தோடு அவசரப் பிரிவுக்கு வருபவர் எல்லோரையும், கடைசியில் பக்கவாதம் இல்லை என்று ஆனவர்களையும் விடாமல், வரிசையாகச் சேர்ப்பேன். வந்ததும் ஊசிக்கு முன்னால் ஒரு முறை, 24 மணி நேரத்தில் ஒரு முறை ரத்தம். முதல் ரத்தத்தில் ஜிஎஃப்ஏபி மட்டும், அது அடைப்பா கசிவா என்ற கேள்விக்கு. இரண்டாவதில் எஸ்ஈசியும் ஃப்ளோவும், காரணம் தெரியாத அடைப்புகளை மையமாக வைத்து. பிளாஸ்மாவை இரண்டு மூன்று சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80இல் வைத்துவிட்டால் ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப உருக்க வேண்டியதில்லை. குழாயின் மேல் ரத்தம் எடுத்த நேரத்தோடு, நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததை வீட்டார் பார்த்த நேரத்தையும் எழுதுங்கள், தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தது என்றால் அதைத் தனியாகக் குறியுங்கள். அந்த நேரம் இல்லாத மாதிரியை எந்த மெஷினில் ஓட்டினாலும், கிடைக்கும் எண் எந்த மணி நேரத்துடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.